மில்லிலிருந்து வராத நீலம்

பிறந்ததிலிருந்தே என் உதடு நீலம். நகங்களும் அப்படித்தான். ஏன் என்று எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். என் அப்பா தங்கச் சுரங்கத்தின் மில்லில் வேலை செய்தவர். சுரங்கத்திலிருந்து வரும் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் இடம் அது. எங்கள் வீடு கே.ஜி.எஃப். தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கம், மில் கழித்துக் கொட்டிய மண்மேட்டுக்கு நேர் எதிரே. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுப் பானை வரைக்கும் வரும். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளுக்கு உதடு நீலமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் வெறும் செல்வி என்று கூப்பிட்டதில்லை. சயனைடு செல்வி என்றால்தான் டீச்சருக்கே தெரியும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குழாயடியிலும் ரேஷன் கடையிலும் பங்காருபேட்டை ரயிலிலும் பார்க்கிறவர்கள் எல்லாரும், "இன்னாடி ஆச்சு ஒனக்கு, மொதல்லேந்து சொல்லு" என்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

எனக்குக் கல்யாணமானது அத்தை மகனோடு. அப்பாவின் தங்கை மகன், பெயர் தேவராஜ். இங்கே கனரக இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம் என்பதால் என் உதட்டைப் பற்றி அவருக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடிப்படி ஏறினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அடிக்கடி தலை வலிக்கும். அதற்கும் மில்தான் காரணம் என்று இருந்துவிட்டோம். ஒருமுறை ஒரு டாக்டர் என் நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்கத் தொடங்கினார். "அது மில் பவுடரு சார்" என்று அப்பா குறுக்கே சொன்னதும் அவரும் தலையாட்டிவிட்டு இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். காரணம் கையில் தயாராக இருந்ததால் யாரும் மேற்கொண்டு தேடவில்லை. நானும்தான் தேடவில்லை.

கல்யாணமாகி ஏழாவது வருஷம் கர்ப்பமானேன். இனி பிறக்காது என்று ஊரே முடிவு கட்டியிருந்த நேரம். அத்தை விகாரத்துக்குப் போய் புத்தர் முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து, சந்தோஷத்தில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். நாலாம் மாதம் தொடங்கியபோது மூச்சு வாங்குவது அதிகமானது. குடம் தூக்கினால் வாங்கியது போக, தலை வாரினாலே வாங்கியது. உதட்டில் நீலம் ஏறி நாவல் பழம் தின்றவள் மாதிரி ஆனேன். இங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, படுக்க வைத்து, மறுபடி உட்கார வைத்துப் பார்த்தார். அப்பாவின் மில் கதையை அவர் காதில் வாங்கவே இல்லை. இதயத்தில் ஓட்டை இருக்கலாம், உடனே பெங்களூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிவிட்டார்.

பெங்களூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் புரிந்த விஷயம், நோயாளியின் முழுநேர வேலை காத்திருப்பது என்பதுதான். ஓ.பி. வரிசையில் காத்திருந்தோம். ரத்தம் கொடுக்கும் வரிசையில் காத்திருந்தோம். படுக்கை கிடைக்கக் காத்திருந்து, கிடைத்த பிறகு டாக்டர் ரவுண்ட்ஸ் வரக் காத்திருந்தோம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் நோயைச் சொல்லிவிட்டு என் உதட்டைப் பார்ப்பார்கள். அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு தரம் மூச்சு வாங்கும்.

விரலில் கவ்விபோல் ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. நல்ல உடம்பு என்றால் நூற்றை ஒட்டி இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தைந்து காட்டியது. நர்ஸ் பதறிப்போய் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்தார். அப்போதும் எண்பத்தைந்துதான். கருவி கெட்டுவிட்டது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. நர்ஸ் தன் விரலில் மாட்டிப் பார்த்தார், ஒழுங்காகக் காட்டியது. என் விரலில் மாட்டினால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடைசியில் அந்த நர்ஸ் என் மேலேயே கோபப்பட்டார்.

அடுத்து ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்தார், பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் ஊசி போட்டு, சுத்த ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். அது பளிச்சென்று சிவப்பாக வரும். எனக்கு வந்தது பழுப்பும் கறுப்புமாக. தவறிப்போய் அசுத்த ரத்தக் குழாயில் குத்திவிட்டோம் என்று நினைத்து மறுபடி குத்தினார். மறுபடியும் அதே நிறம். "ஸாரிம்மா, இன்னொரு கை கொடுங்க" என்றார். அந்தக் கையிலும் அதேதான். பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பிரசவப் பிரிவின் பெரிய டாக்டரம்மா அன்று என்னையும் என் வீட்டுக்காரரையும் நிற்க வைத்துப் பேசினார். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்து, நீலம் பாரித்த உடம்போடு பிள்ளை பெறுவது தாயின் உயிருக்கே ஆபத்து என்றார். இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனைக்குத் தேதி கிடைக்க வேண்டும். அதில் கோளாறு உறுதியானால் கர்ப்பத்தைக் கலைத்துவிடுவதே நல்லது, தள்ளிப்போடத் தள்ளிப்போட அதுவும் கஷ்டமாகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். குரலில் கடுமை எதுவும் இல்லை. தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற களைப்பு மட்டும் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"கலச்சிடுங்க மேடம். எங்களுக்கு கொழந்த வேணாம். இவ இருந்தா போதும்."

யோசிக்கவே இல்லை. தொழிற்சாலையில் ஓவர்டைம் வேண்டுமா என்று கேட்டால்கூட அவர் ஒரு நிமிஷம் யோசிப்பார். டாக்டரம்மா போன பிறகு நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"யாரக் கேட்டு சொன்னீங்க மாமா?"

"யாரக் கேக்கணும்? நீ செத்துட்டா அப்பால யாரக் கேட்டு இன்னா பண்றது?"

"ஏழு வருஷம் கழிச்சி வந்துக்குது. அது என் வயித்துல கீது, ஒங்க வயித்துல இல்ல."

"அதுக்குத்தாண்டி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சோறு வேண்டுமா என்றால் சுவரைப் பார்த்து வேண்டாம் என்பேன். எனக்கு வந்ததில் பாதி அவர் மேல் ஆத்திரம், பாதி பயம். அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற பயம். சின்னதாக ஏதோ வயிற்றில் புரளுவது போல இருக்கும், வாயுதான் என்று பக்கத்துப் படுக்கை அம்மா சொல்வார். வாயுவாகவே இருக்கட்டும் என்று கையை அங்கேயே வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அத்தை தினமும் காலை ரயிலில் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு கே.ஜி.எஃப்.பிலிருந்து வருவார். பெங்களூர் வருவதற்குள் களி கல்லாகியிருக்கும். ஆஸ்பத்திரி இட்லியைத் தின்று தின்று எனக்கு அந்தக் கல்லே அமிர்தமாக இருந்தது. வேலைக்குப் போய்வருகிற ரயில் கும்பலில் சீட்டாடிக்கொண்டிருக்கும் ஆட்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் ஆட்டத்தைச் சுருக்கி அத்தைக்கு இடம் விடுவார்களாம். "இன்னைக்கி ஜோக்கரு வெச்சிக்கினு இருந்தவன் எழுந்து எடம் குட்தாண்டி" என்று சொல்லி அத்தை சிரிப்பார். என்னையும் தன் மகனையும் மாறி மாறிப் பார்ப்பார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது தெரிந்தும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தலையை வாரிப் பின்னிவிட்டு, சாயங்கால ரயிலுக்குப் போவார்.

அப்பா வார்டுக்குள் வரவே மாட்டார். வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நானே மெதுவாக நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"ஒன்ன வயித்துல வெச்சிக்கினு ஒங்கம்மா மில் கேட்டுக்கு சோறு எட்த்தாந்தா. தெனோம். வராதடின்னு நான் சொல்லலை. சுடச்சுடத் துன்னணும்னு எனக்கு ஆச." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "அந்தக் காத்துதான் ஒனக்குள்ள பூந்துக்கிச்சி. ஒன் கொழந்தையையும் நான்தான் சாவடிக்கிறேன்."

அப்படியெல்லாம் இல்லைப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? நானும் அதைத்தானே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டு எப்படி இந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று இருந்தது.

எக்கோவுக்குத் தேதி கிடைத்தது. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். என் இதயம் டிவி மாதிரி ஒரு பெட்டியில் கறுப்பு வெள்ளையில் அடித்துக்கொண்டது. பார்த்த டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். ஓட்டை கிடையாது, வால்வுகள் சரி, எல்லாம் சரி என்றார். அத்தை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் பிரசவப் பிரிவு டாக்டரம்மாவுக்குச் சந்தோஷமில்லை. இதயமும் சரி, நுரையீரலும் சரி, அப்படியானால் நீலம் ஏன்? காரணம் தெரியாமல் உன்னைப் பிரசவம் வரை கொண்டுபோக முடியாது என்றார். மறுபடி காத்திருப்பு. இந்த முறை எதற்காக என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

ரத்த நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா வந்தது அதற்குப் பிறகுதான். நரைத்த கொண்டை, கழுத்தில் நீளமான முத்துமாலை. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். முதலில் என் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். பிறவி இதயக் கோளாறில் விரல் நுனி பருத்து உருண்டுவிடும், இவளுக்கு இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மணிக்கட்டில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் படித்தார். அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் சரியான அளவில் இருந்ததாம். அதாவது காற்று உள்ளே போகிறது, ரத்தம் வரைக்கும் வருகிறது. ரத்தம்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்பா, அம்மா, யாருக்காவது உதடு இப்படி உண்டா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல மேடம். இது மில்லு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"மில் இருக்கட்டும். நீங்க கையை நீட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் விரலில் ஒரு குத்து, என் விரலில் ஒரு குத்து. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில். தாளை விசிறி மாதிரி கொஞ்ச நேரம் ஆட்டினார். என் வீட்டுக்காரரின் சொட்டு காற்றுப் பட்டதும் நல்ல சிவப்பாகியது. என்னுடையது காபி டிகாஷன் கொட்டியது மாதிரி அப்படியே கிடந்தது. இன்னும் ஆட்டினார். மாறவே இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது, என் ரத்தம் கெட்டுக் கிடக்கிறது, இவருக்கு என்ன சந்தோஷம் என்று.

லேபிலும் உறுதி செய்ய வேண்டும் என்று ரத்தத்தை எடுத்துப் போனார்கள். சாயங்காலம் டாக்டரம்மா திரும்பி வந்தார். அப்பாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். அப்பா வாசற்படியில் நின்றார்.

"உங்க பொண்ணு ரத்தத்தில் நாங்க லேபில் என்ன கலந்து பார்த்தோம் தெரியுமா?" என்று கேட்டார். "சயனைடு. ஒரு சொட்டு. உடனே சிவப்பாயிடுச்சு. இந்த வியாதியைக் கண்டுபிடிக்க அதுவும் ஒரு வழி."

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சயனைடு சாப்பிட்டவங்க நீலமா ஆக மாட்டாங்க. சிவந்துதான் போவாங்க. இன்னொன்று சொல்றேன் கேளுங்க. சயனைடு சாப்பிட்டவங்களைக் காப்பாத்த நாங்க கொடுக்கிற மருந்து, அவங்க ரத்தத்தில் கொஞ்சத்தை இவ ரத்தம் மாதிரி ஆக்குகிற மருந்துதான். இந்த மாதிரி ரத்தம் சயனைடைப் பிடிச்சு வெச்சுக்கும். உங்க மில்லுக்கும் இவ உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை."

பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். புரதம் என்றால் பருப்பு, முட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உடம்புக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உள்ளங்கையில் போட்டார். புரதம் இப்படித்தான் மணிகளைக் கோத்த சரம். என்ன மணிக்குப் பக்கத்தில் என்ன மணி என்பது பெற்றோரிடமிருந்து வருகிறது. அந்த வரிசைப்படி சரம் தானாகவே மடிந்து சுருண்டு ஒரு உருண்டையாகும். உருண்டையில் ஒரு இடத்தில் குழி விழும். அந்தப் புரதத்தின் வேலை எல்லாம் அந்தக் குழியில்தான். குழியின் வடிவம் சரியாக இருந்தால் வேலை நடக்கும். வடிவம் கலைந்தால் புரதம் இருந்தும் இல்லாத மாதிரி.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதம். அதன் குழிக்குள் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. மூச்சில் வரும் ஆக்ஸிஜனை அந்த இரும்புதான் பிடித்து உடம்பெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும். எல்லாருக்குமே தினமும் கொஞ்சம் இரும்பு வேறு நிலைக்கு மாறிப் பழுதாகும். பழுதான இரும்பு ஆக்ஸிஜனைப் பிடிக்காது, ரத்தமும் பழுப்பாகும். அதைப் பழுது பார்க்கவே இன்னொரு புரதம் இருக்கிறது. இப்படி ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்கும் புரதத்தை என்சைம் என்கிறார்கள். எனக்கு அந்த என்சைமின் சரத்தில் எங்கோ ஒரு மணி மாறிவிட்டது. அதனால் மடிப்பு உறுதியாக நிற்காமல் சீக்கிரமே குலைந்துவிடுகிறது. பழுது பார்க்க ஆள் பற்றாமல், பழுதான ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் நிறம்தான் தோலுக்கு அடியிலிருந்து நீலமாகத் தெரிகிறது. இத்தனை நாள் இருக்கிற ரத்தத்தை வைத்து உடம்பு சமாளித்துவிட்டது. கர்ப்பத்தில் ரத்தசோகையும் சேர்ந்துகொண்டதால் மூச்சு வாங்கியிருக்கிறது.

"ஒரே ஒரு மணியா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர். முதல்முறையாக அவர் முகத்தில் தெளிவு வந்தது. "ஜிக் மாரி. இரும்புத் துண்ட, ஜாப்புன்னுவோம், அத அசையாம புடிச்சிக்கினு நிக்கிற ஃபிக்சரு. ஒரு பின்னு கொஞ்சம் தள்ளிப்போச்சின்னா பாக்கறதுக்கு அதே ஜிக்தான், ஆனா ஜாப் உக்காராது. மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இவ ரிஜெக்ட் இல்லைப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோடு பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அப்பா அப்போதுதான் பேசினார். "அப்போ நான் மில்லுக்கே போவாத இருந்திருந்தாலும் இவ இப்டித்தான் பொறந்திருப்பாளா?"

"இப்படித்தான். உங்க கிட்டேயிருந்து ஒரு பாதி, இவ அம்மா கிட்டேயிருந்து ஒரு பாதி. ரெண்டு பாதியும் சேர்ந்தாத்தான் இது வரும். ஒரு பாதி மட்டும் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சொந்தத்தில் கல்யாணமா?"

அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. எங்கள் பக்கம் அது ரொம்ப சாதாரணம். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் நிம்மதியடைவார் என்று நினைத்தேன். அவர் அழுதார். சத்தம் போட்டு, மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் அழுதார். பழி ஒன்று போய் இன்னொன்று வந்ததற்காக அழுகிறார் என்று டாக்டரம்மா நினைத்து, இதில் யார் தப்பும் இல்லை என்று சமாதானம் சொன்னார். நான் அவர் மகள், எனக்குத் தெரியும். அம்மா கொண்டுவந்த சுடுசோற்றுக்காகத்தான் அழுதார். அதைத் தின்றது தப்பில்லை என்று யாரோ இப்போதுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குழந்தையைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இதயம் நல்லா இருக்கு. ரத்தசோகையைச் சரி பண்ணணும், அடிக்கடி வந்து காட்டணும். ஊசியில் ஏத்துற ஒரு மருந்து இருக்கு, ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்திடும். ஆனா கர்ப்பத்தில் அதைக் கொடுக்க நான் விரும்பலை. வைட்டமின் சி மாத்திரை கொடுக்கிறேன், அதுவும் பழுது பார்க்கும், மெதுவா. சில மருந்துகள் உனக்கு ஆகவே ஆகாது, எழுதித் தரேன். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்."

"கொழந்தைக்கும் வருமா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்ககிட்டயும் அந்தப் பாதி இருந்தா வரலாம். நீங்களும் அதே குடும்பம், இருக்க வாய்ப்பு உண்டு. பிறந்தாத்தான் தெரியும். வந்தாலும் என்ன, இவ வளரலையா?"

மாத்திரை ஆரஞ்சு நிறத்தில், சப்பிச் சாப்பிடுகிற புளிப்பு மிட்டாய் மாதிரி இருந்தது. இதற்குத்தானா இத்தனை ஊசி என்று இருந்தது. முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது வாரமும் மாறவில்லை, எல்லாம் ஏமாற்று என்று அத்தையிடம் புலம்பினேன். அப்புறம் ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்த அத்தை சீப்பை அப்படியே முடியில் விட்டுவிட்டு முன்னால் வந்து என் முகத்தைத் திருப்பினார். "இன்னாடி, லிப்ஸ்டிக் போட்டுக்கினியா?" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு என்று சொல்ல முடியாது. வேறு யாருடைய வாயோ மாதிரி இருந்தது. அன்று முழுக்க எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரரோடு எப்போது பேசத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே என்று அது தானாக வந்துவிட்டது. ஆனால் குழந்தையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. தொட்டில் வாங்கலாமா என்று அத்தை கேட்டால் அவர் வெளியே போய்விடுவார். வயிறு பெரிதாகப் பெரிதாக அவர் என் வயிற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எனக்கு மறுபடி ஆத்திரம் ஏறியது. இவருக்கு இன்னும் இந்தக் குழந்தை வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிரசவமும் அதே பெங்களூர் ஆஸ்பத்திரியில்தான். வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருவதுதான். பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். நான் பார்த்தது காலைத்தான். உள்ளங்கால் நீலம். துணியை விலக்கிக் கையைப் பார்த்தேன், அதுவும் நீலம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா திரும்பிக்கொண்டார்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை மாதிரியே ஒருத்தி என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் பள்ளிக்கூடமும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களும் ஞாபகம் வந்து, துணியை இழுத்து அந்தக் கையை மூடினேன்.

பிரசவம் பார்த்த நர்ஸ் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "பிறந்த புதுசுல எல்லாக் குழந்தைக்கும் கைகால் இப்படித்தாம்மா இருக்கும், வெளிக்குளிரு. நாக்கைப் பாருங்க" என்றார். அந்த நேரம் குழந்தை வீறிட்டு அழுதது. வாய் முழுசாகத் திறந்தது. நாக்கு ரோஜா நிறத்தில் துடித்தது. அத்தை குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார்.

"செவப்பா கீதுடி" என்றார்.

"செவப்பா இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"இல்லாட்டி இன்னா? ஒன்ன வளத்தா மாரி வளத்திருப்போம்" என்று சொல்லிவிட்டு அத்தை மூக்கை உறிஞ்சினார்.

ரத்தம் பார்க்கும் டாக்டரம்மா மறுநாள் வந்து தாளில் சொட்டு வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் அப்பாவும் காபி குடிக்கக் கீழே போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவர் குழந்தையைத் தொடவில்லை. எல்லாரும் வாங்கிக் கொஞ்சினார்கள், அவர் மட்டும் ஃபிளாஸ்க் கழுவப் போனார், மருந்து வாங்கப் போனார்.

"வாங்க மாமா" என்றேன். "புடிங்க."

"வேணாம் செல்வி."

"ஏன்?"

குழந்தையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "கலச்சிடுங்கன்னு நான்தான சொன்னேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு வாங்கறது? அவளுக்குத் தெரிஞ்சா?"

இத்தனை மாதமும் அவருக்குக் குழந்தை வேண்டாம் என்றே நினைத்திருந்தேன். எவ்வளவு திட்டியிருப்பேன், மனசுக்குள். அவருடைய கைகளைப் பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஃபிட்டர் கை என்பதே தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தன. குழந்தை பிறந்ததிலிருந்து கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார், வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

"கொழந்த வேணாம்னு எங்க சொன்னீங்க? நான் வேணும்னுதான சொன்னீங்க" என்றேன். "புடிங்க மாமா. எனக்குக் கை வலிக்குது."